புகையிலைப் பாக்கெட்டில் பட எச்சரிக்கை: முதல் யோசனை தொடங்கி கடைத்தட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாளுக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர் அதை இருபது தடவை கையில் எடுக்கிறார். வருஷத்துக்கு 7,300 தடவை. எந்த மருத்துவரும், எந்தத் தொலைக்காட்சி விளம்பரமும் அவரை இத்தனை பக்கத்தில், இத்தனை தடவை சந்திக்கப் போவதில்லை. அதுவும் எந்த நேரத்தில்? சரியாக விரல் சிகரெட்டை நோக்கிப் போகிற நேரத்தில். அச்சுச் செலவும் அரசாங்கத்துக்கு இல்லை. சிகரெட் விற்கிறவரே தன் பணத்தில் அச்சடித்து, தன் வண்டியில் ஏற்றி, கடைசிக் கடை வரை கொண்டு சேர்க்கிறார். பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு ஊடுருவும் கருவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அரைகுறையாகச் செய்த எச்சரிக்கையைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. மங்கலான படம், யாருக்கும் புரியாத வாசகம், மூடியைத் திறந்ததும் இரண்டாகப் பிளந்துபோகும் முகம், யாரும் எடுக்காத தொலைபேசி எண். இந்த வழிகாட்டி சுகாதாரத் துறையில் இருப்பவர்களுக்கும், வடிவமைப்பாளர்களுக்கும், புகையிலைக் கட்டுப்பாட்டில் இறங்கியிருக்கும் தன்னார்வலர்களுக்கும், பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கும் சேர்த்து எழுதியது. ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விரல் சிகரெட்டை நோக்கிப் போகும் அந்த இரண்டு வினாடியில் இது என்ன செய்யும்?

படி 1: எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்

பெரும்பாலான நாடுகளுக்கு அடிப்படை ஆவணம் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு உடன்படிக்கை. 2003இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 11ஆம் பிரிவு பாக்கெட்டைப் பற்றியது. எச்சரிக்கை முக்கியப் பக்கங்களில் 50% அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது, 30%க்குக் கீழே போகவே கூடாது என்கிறது. சேர்ந்த நாடு மூன்று ஆண்டுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். 2008 நவம்பரில் டர்பனில் ஏற்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் இன்னும் தெளிவாகப் பேசின: முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் வேண்டும், பக்கத்தின் மேல்பகுதியில் வேண்டும், முழு வண்ணத்தில் வேண்டும், முடிந்த அளவு பெரிதாக வேண்டும்.

சதவீதத்தில் பேசும்போது எல்லாம் பெரிதாகத் தோன்றும். வழக்கமான இருபது சிகரெட் பாக்கெட் ஏறக்குறைய 88 மி.மீ. உயரம், 55 மி.மீ. அகலம். அதில் 30% என்றால் 26 மி.மீ., அதாவது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பட்டை. 50% என்றால் 44 மி.மீ. 65% என்றால் 57 மி.மீ. 85% என்றால் 75 மி.மீ. இந்த நான்கு அளவிலும் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒரு பாக்கெட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சட்டமன்றத்தில் சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை நடக்கிறது என்று சொல்லாமலே புரியும். ஐரோப்பிய ஒன்றியம் 65%, இலங்கையும் உருகுவேயும் 80%, இந்தியா 85%, 2015இல் நேபாளம் வைத்தது 90%. கிழக்குத் தீமோரில் முன்பக்கம் 85%, பின்பக்கம் முழுவதும்.

எச்சரிக்கையைச் சுற்றி வரும் கறுப்புக் கட்டம் இந்தச் சதவீதத்துக்குள் சேருமா, வெளியேவா என்று விதியில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கட்டமே நாலைந்து மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

படி 2: எந்தச் செய்தி, யாருக்கு

ஒரே படம் எல்லாரையும் தொடாது. இருபது வயதுப் பையனிடம் நாற்பது வருஷம் கழித்து வரப்போகும் புற்றைச் சொன்னால் அவன் காதில் விழாது. ஆண்மைக் குறைவு, மூச்சு வாங்குவது, பல் கறுப்பது என்றால் நிமிர்ந்து பார்ப்பான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டாம் நிலைப் புகை, அதாவது பிடிக்காதவர் மூச்சிலும் போகும் புகை, பற்றிய செய்தி நேராகப் போய்ச் சேரும். ஆகவே பத்து முதல் பதினாறு செய்திகள் கொண்ட ஒரு தொகுப்பாக யோசியுங்கள். 2001இல் முழு அளவிலான புகைப்பட எச்சரிக்கையை முதலில் கொண்டுவந்த கனடா பதினாறு செய்திகளோடுதான் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 42 படங்கள், பதினான்கு பதினான்காக மூன்று தொகுதி.

தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. நுரையீரல், வாய், தொண்டைப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கால் அழுகல், பார்வை இழப்பு, எடை குறைந்து பிறக்கும் குழந்தை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகை. இவற்றோடு, விட்டவருக்குக் கிடைக்கும் நன்மையைச் சொல்லும் இரண்டு மூன்று செய்தியாவது கட்டாயம் இருக்கட்டும். விட்ட ஓராண்டில் இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது, பத்தாண்டில் நுரையீரல் புற்றால் சாகும் ஆபத்து பாதியாகிறது என்பதெல்லாம் பிடிக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்பவருக்கு நேரான பதில் அதுதான்.

படி 3: வாசகம்

தொகுப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. படம் பிடிப்பவர்களும் வடிவமைப்பாளர்களும் வாசகத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள், அது தப்பு.

1966இல் அமெரிக்கப் பாக்கெட்டின் பக்கவாட்டில் வந்த முதல் எச்சரிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "கவனம்: சிகரெட் புகைப்பது உங்கள் உடல்நலத்துக்குக் கேடாக இருக்கலாம்." அந்த "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லில் முழு எச்சரிக்கையும் கரைந்துவிட்டது. தமிழில் நாம் காலங்காலமாகப் படித்துவரும் "உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்கும்" என்ற தொடருக்கும் அதே கதிதான். தவறு ஒன்றுமில்லை, ஆனால் யார் உடல், எந்த உறுப்பு, என்ன தீங்கு? கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நல்ல வாசகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இவை. எழுவாய் புகையிலையாக இருக்கட்டும்: "சிகரெட் தொண்டையில் புற்றை உண்டாக்கும்." உறுப்பின் பெயர் வரட்டும், நோயின் பெயர் மக்கள் சொல்கிற பெயராக இருக்கட்டும், "புறநாள நோய்" என்று அச்சடித்தால் மருத்துவக் கல்லூரி வாசலோடு நின்றுவிடும், "கால் அழுகும்" என்றால் யாருக்கும் அகராதி தேவையில்லை. "கூடும்", "வாய்ப்புண்டு", "காரணமாக அமையலாம்" போன்ற வால்களை, அறிவியல் உறுதியாக இருக்கும் இடங்களில் வெட்டி எறியுங்கள். திட்டவும் வேண்டாம். பிடிப்பவரைக் குற்றவாளியாக்கும் வாசகம் அவரை எதிர்த்து நிற்க வைக்கும். குற்றம் பாக்கெட்டுக்குள் இருப்பதன் மேல் விழட்டும்.

தமிழில் எழுதுவதற்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் சொற்கள் நீளம். 55 மி.மீ. அகலத்தில், தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குத் தடித்த எழுத்து வைத்தால் ஒரு வரியில் பத்துப் பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும். "உண்டாக்கக்கூடியது" என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும். அதனால் எழுதும்போதே வரி உடைத்து எழுதுங்கள்:

சிகரெட்
தொண்டைப் புற்றை
உண்டாக்கும்

மூன்று வரி, ஒவ்வொன்றும் தானாக நிற்கிறது. சொல்லை நடுவில் உடைக்க வேண்டியிருந்தால் வாசகத்தையே மாற்றுங்கள். மெல்லிய சுழிகள் நிறைந்த அலங்கார எழுத்துரு சிறிய அச்சில் அடைத்துக்கொள்ளும். ண, ன, ணை, னை வேறுபாடு மங்கிவிடும். தடிப்பான, திறந்த சுழியுள்ள எழுத்துரு எடுத்து, கறுப்பில் மஞ்சள் அல்லது கறுப்பில் வெள்ளை வையுங்கள்.

இன்னொன்று: தார், நிகோட்டின் அளவு எண்களைப் பாக்கெட்டில் போட விடாதீர்கள். குறைந்த எண்ணைப் பார்த்தவர் இது பரவாயில்லை என்று நினைப்பார். "லைட்", "மைல்டு" சிகரெட்டின் வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டிருப்பார்கள். அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியே காற்று கலந்து எண் குறையும். மனிதர் பிடிக்கும்போது உதடும் விரலும் துளையை மூடும், இழுப்பும் ஆழமாகும். எண் குறைந்தது, உள்ளே போன விஷம் குறையவில்லை. உடன்படிக்கையின் 11ஆம் பிரிவே இப்படிப்பட்ட ஏமாற்றுப் பெயர்களைத் தடுக்கச் சொல்கிறது.

படி 4: படம்

படம் வாசகத்தை மறுபடி சொல்ல வேண்டும். வாசகம் பக்கவாதம் என்கிறது, படத்தில் ஒரு கல்லறை என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். வாசிக்கத் தெரியாதவர் படத்தை மட்டும் பார்த்து என்ன நோய் என்று சொல்லிவிட முடிந்தால் அது நல்ல படம்.

மருத்துவப் படம், மனிதப் படம் என்று இரண்டு வகை எடுங்கள். புண், கட்டி, அறுவைத் தழும்பு எல்லாம் உடனே அதிரச் செய்யும். படுக்கையில் இருக்கும் ஒருவர், பக்கத்தில் குழந்தை, இவை மெதுவாக உள்ளே இறங்கும். இரண்டாம் வகைக்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம் பார்ப் டார்பாக்ஸ். கனடாவில் ஒரு காலத்தில் மாடலாக இருந்தவர். பள்ளி நாளிலேயே புகைக்கத் தொடங்கி, நுரையீரல் புற்று வந்த பிறகு பள்ளி பள்ளியாகப் போய் 50,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் தன் கதையைச் சொன்னார். 2003இல் இறந்தார். மெலிந்து உருக்குலைந்து அவர் படுத்திருக்கும் புகைப்படம் 2012இல் வந்த கனடியப் பாக்கெட்டுகளில் இடம்பிடித்தது. அவரே விரும்பிச் சொன்ன கதை என்பதால்தான் அந்தப் படத்துக்கு அவ்வளவு கனம்.

அங்கிருந்து ஒப்புதல் விஷயத்துக்கு வருகிறேன். நோயாளியின் படம் என்றால் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்குங்கள். கோடிக்கணக்கான பாக்கெட்டில் வரும், பல வருஷம் வரும், பிற நாடுகளுக்குக்கூடக் கொடுக்கப்படலாம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் உட்கார்ந்து சொல்லுங்கள். குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள். பத்திரத்தைப் படத்தின் எண்ணோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். ஐரோப்பியப் பாக்கெட்டில் இருப்பது தன்னுடைய கால்தான் என்று ஒருவர் கேள்வி எழுப்பியபோது, படத்தில் இருப்பவரின் ஒப்புதல் ஆவணம் தங்களிடம் இருக்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்ல முடிந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒரு படம் மட்டும் போகாது, மொத்தத் தொகுப்பின் மீதும் சந்தேகம் விழும்.

கணினியில் செயற்கையாக உருவாக்கிய புண்ணை நான் பரிந்துரைக்க மாட்டேன். "இது பொய்ப்படம்" என்று ஒரு ஆள் சொன்னால் போதும், பத்துப் பேர் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

படி 5: வெளியே போகும் கதவு

பயத்தை மட்டும் காட்டி நிறுத்தினால் மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். பயம் காட்டிய அதே இடத்தில் வழியும் காட்ட வேண்டும். அந்த வழி ஒரு கட்டணமில்லாத உதவி எண். ஆஸ்திரேலியாவில் 2006இல் பட எச்சரிக்கையோடு உதவி எண் அச்சானபோது, அந்த ஆண்டு வந்த அழைப்புகள் முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் வந்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பாயின.

அதனால் வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். பாக்கெட் கடைக்கு வருவதற்கு முன்பே மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும். எந்தெந்த மொழியில் பேசுவார்கள், இரவில் யார் எடுப்பார்கள், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு எண்ணை அச்சுக்குக் கொடுங்கள். பல வருஷ யோசனைக்குப் பிறகு ஒருவர் துணிந்து எண்ணை அழுத்துகிறார், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் அவர் மறுபடி அழைக்கப் போவதில்லை.

படி 6: வெட்டி, மடித்து, ஒட்டிப் பாருங்கள்

கணினித் திரையில் எல்லா வடிவமைப்பும் அழகாகத்தான் இருக்கும். உண்மையான அளவில் அச்செடுத்து, வெட்டி, ஒரு பாக்கெட்டின் மேல் ஒட்டுங்கள். பிறகு மூடியைத் திறந்து பாருங்கள்.

முன்பக்கத்தில் மேலிருந்து ஏறக்குறைய கால் பங்கில் மூடியின் வெட்டுக்கோடு ஓடும். எச்சரிக்கை மேலே இருந்தால் படத்தின் நடுவே அந்தக் கோடு போகும். நான் முதன்முதலில் ஒட்டிப் பார்த்த மாதிரியில் அது நோயாளியின் கண்களுக்குக் குறுக்கே போயிற்று. மூடியைத் தூக்கியதும் நெற்றி பின்னால் போய்விட்டது, கீழே மூக்கும் வாயும் மட்டும். திரையில் நெஞ்சைப் பிசைந்த படம் கையில் வெறும் துண்டாகிவிட்டது. முகத்தை 12 மி.மீ. கீழே இறக்கி, கோடு தலைக்கு மேல் உள்ள வெற்றிடத்தில் போகும்படி வைத்ததும் சரியாயிற்று. இந்தப் பத்து நிமிஷ வேலையை யாரும் செய்யாததால் உலகம் முழுக்கப் பிளந்த முகங்கள் பாக்கெட்டில் வந்துகொண்டிருக்கின்றன.

எச்சரிக்கையைக் கீழே வைத்தால் இந்தப் பிரச்சினை இருக்காதே என்று தோன்றும். கீழே வைக்காதீர்கள். கடைத்தட்டின் முன்விளிம்பு பாக்கெட்டின் அடிப்பகுதியைத்தான் மறைக்கும். கையில் பிடித்தாலும் உள்ளங்கை மூடுவது அடிப்பகுதியைத்தான். மேல்பகுதி எப்போதும் வெளியே தெரியும்.

ஒட்டிய மாதிரியைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்துப் படியுங்கள். விளக்கை மங்கலாக்கிப் படியுங்கள். வரி முத்திரை எங்கே ஒட்டப்படும் என்று கேட்டு, அதே அளவு காகிதத்தை அங்கே ஒட்டி, வாசகம் மறைகிறதா என்று பாருங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெளிச்சத்தில் திருப்புங்கள். மெல்லும் புகையிலைச் சிறு பைகளுக்குத் தனி மாதிரி செய்யுங்கள். பெட்டிக்குப் போட்ட படத்தைச் சுருக்கிப் பைக்குப் போட்டால் புண் எது, உதடு எது என்றே தெரியாது.

படி 7: பிடிப்பவர்களிடம் காட்டுங்கள்

நிபுணர் குழு ஒப்புக்கொண்டது என்பது போதாது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களாக உட்கார வையுங்கள்: இளைஞர் தனி, நடுவயதினர் தனி, பெண்கள் தனி, படிக்கத் தெரியாதவர் தனி, விட முயன்று தோற்றவர் தனி. "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இந்தப் படம் என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். எடுத்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றி, கால் மணி நேரம் கழித்து "எந்தப் படம் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். வாசகத்தை அவர்கள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்போது எழுதி வையுங்கள். அடுத்த வரைவுக்கான வாசகம் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் கிடைக்கும்.

கைகளையும் கவனியுங்கள். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் மாதிரிப் பாக்கெட்டை வாங்கியதிலிருந்து படத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். ஏன் ஐயா மூடியிருக்கீங்க என்று கேட்டேன். "பார்த்துக்கிட்டே பிடிக்க முடியாதும்மா" என்றார். என் கேள்வித்தாளில் இருந்த இருபது கேள்விக்கும் கிடைக்காத பதில் அது. படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பவர்களை எச்சரிக்கை தோற்றதன் அடையாளமாக எண்ணிவிட வேண்டாம். பாக்கெட்டை உறையில் போட்டுக்கொள்பவர்களும், வேறு படம் உள்ள பாக்கெட் கொடு என்பவர்களும் அந்தச் செய்தியை மனதில் சுமந்துகொண்டுதான் நடக்கிறார்கள். அப்படித் தவிர்ப்பவர்கள் விட முயல்வது குறைவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படத்தால் நிஜமாகவே மாற்றம் வருமா என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு சோதனை உண்டு. 2016இல் வெளியானது, அமெரிக்காவில் நடந்தது. புகைபிடிக்கும் 2,149 பேர் தாங்கள் வாங்கிய பாக்கெட்டுகளைக் கொண்டுவருவார்கள். ஆய்வாளர்கள் பாதிப்பேரின் பாக்கெட்டில் பட எச்சரிக்கையையும் மீதிப்பேரின் பாக்கெட்டில் வெறும் எழுத்து எச்சரிக்கையையும் ஒட்டிக் கொடுத்தார்கள். நான்கு வாரம். விட முயன்றவர்கள் படக் குழுவில் 40%, எழுத்துக் குழுவில் 34%. கடைசியில் ஒரு வாரமாவது தொடாமல் இருந்தவர்கள் 5.7%, மற்றக் குழுவில் 3.8%. ஓர் ஆளுக்குச் சின்ன வித்தியாசம். ஒரு நாட்டின் மக்கள்தொகையால் பெருக்கிப் பாருங்கள்.

படி 8: விதியை ஓட்டை இல்லாமல் எழுதுங்கள்

விதி என்ன சொல்லவில்லையோ அதைத்தான் உற்பத்தியாளர் தேடுவார். லிப்ஸ்டிக் டப்பா போல ஒல்லியான பாக்கெட், வட்ட மூலை, எச்சரிக்கையின் மேல் நழுவிவரும் அட்டை உறை, படத்தை மங்கலாக்கும் மை என்று எல்லாமே நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் எச்சரிக்கை குறைந்தது 44 மி.மீ. உயரம், 52 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று சதவீதத்தோடு மில்லிமீட்டரையும் சேர்த்து எழுதியது. பாக்கெட்டில் இருபதுக்குக் குறையாத சிகரெட் என்றும் வைத்தது. ஒல்லிப் பாக்கெட் அதோடு போயிற்று. நீங்களும் இரண்டையும் எழுதுங்கள். அச்சுக்கான கோப்பை நீங்களே கொடுங்கள், நீள அகல விகிதம் மாறக் கூடாது என்று எழுதுங்கள், வண்ண அளவுகளைக் குறிப்பிடுங்கள். தனிப் பாக்கெட்டோடு பத்துப் பாக்கெட் அடங்கிய வெளிப்பெட்டிக்கும் விதி பொருந்தும் என்று சேருங்கள்.

எச்சரிக்கைக்குப் போக மிஞ்சும் இடம் முழுக்க விளம்பரம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியா 2012 டிசம்பர் 1 முதல் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது: நிறுவனச் சின்னம் கிடையாது, எல்லாப் பாக்கெட்டும் ஒரே கலங்கிய பழுப்புப் பச்சை, பெயர் மட்டும் ஒரே எழுத்துருவில். முன்பக்கம் 75%, பின்பக்கம் 90% எச்சரிக்கை. பொன்னிறமும் நீலமும் போனபிறகு கண் போக வேறு இடமில்லை. கனடா 2023 ஆகஸ்டில் தொடங்கி ஒவ்வொரு சிகரெட்டின் மேலேயே வாசகம் அச்சிட வைத்தது. "ஒவ்வொரு இழுப்பிலும் விஷம்" என்ற பொருளில் ஒன்று. பாக்கெட்டைப் பார்க்காமல் நண்பரிடம் ஒன்றே ஒன்று வாங்கிப் பிடிக்கும் பையனைத் தொட அதுதான் வழி.

படி 9: வழக்கு வரும், கோப்பைத் தயாராக வையுங்கள்

அமெரிக்காவில் 2011இல் தேர்ந்தெடுத்த ஒன்பது படங்களை 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படங்கள் தகவலைவிட உணர்ச்சியைத் தூண்டவே வைக்கப்பட்டவை, அவை புகைப்பதைக் குறைக்கும் என்று காட்டப் போதிய சான்று தரப்படவில்லை என்பது அதன் பார்வை. புதிய தொகுப்பை அறிவிக்க 2020 ஆயிற்று. உருகுவே மீது சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 2010இல் தொடுத்த சர்வதேச நடுவர் வழக்கு ஆறு வருஷம் நடந்தது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. ஆஸ்திரேலியா தன் உயர் நீதிமன்றத்திலும் உலக வர்த்தக அமைப்பிலும் வென்றது. இலங்கையில் 80% என்ற விதி நீதிமன்றத்தில் குறைக்கப்பட்டது. நாடாளுமன்றம் 2015இல் சட்டத்தையே திருத்தி 80%ஐ மீட்டது.

இவற்றிலிருந்து கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: சதவீதத்தைச் சட்டத்திலேயே எழுதுங்கள், துணைவிதிக்கு விடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பு வையுங்கள். அதில் மருத்துவச் சான்று, ஒப்புதல் பத்திரம், மக்களிடம் சோதித்த குறிப்பு மூன்றும் இருக்கட்டும். புகையிலை நிறுவனங்களோடு நடக்கும் ஒவ்வொரு சந்திப்பையும் பதிவு செய்யுங்கள். உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு அவர்களின் தலையீட்டிலிருந்து கொள்கையைக் காக்கச் சொல்கிறது.

படி 10: கடையில் போய்ப் பாருங்கள், படத்தை மாற்றுங்கள்

நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பாக்கெட் வாங்கிச் சேருங்கள். ஸ்கேலால் அளந்து பாருங்கள், அசல் படத்தின் பக்கத்தில் வைத்து வண்ணத்தை ஒப்பிடுங்கள், எல்லாச் செய்தியும் சம அளவில் வருகிறதா என்று எண்ணுங்கள். லேசான படத்தை மட்டும் அதிகம் அச்சடித்துக் கடுமையானதைக் குறைத்துவிடும் தந்திரம் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எந்தப் படமும் பழகிப்போகும். கனடாவின் 2001 தொகுப்பு உலகத்துக்கே முன்மாதிரி; ஆனால் அதே படங்கள் 2012 வரை மாறாமல் ஓடின, வருஷம் போகப்போக அவற்றைக் கவனிப்பவர்கள் குறைந்தார்கள். வழிகாட்டு நெறிகள் 12 முதல் 36 மாதத்துக்குள் மாற்றச் சொல்கின்றன. ஒரு தொகுப்பு அச்சுக்குப் போகும் வாரத்திலேயே அடுத்ததற்கான படப்பிடிப்பைத் தொடங்கினால்தான் அந்தக் கெடு சாத்தியம். மாற்றும் தேதியை விதியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவிக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் யாரோ அதைத் தள்ளிவைப்பார்கள். பழைய சரக்கை விற்றுத் தீர்க்க எவ்வளவு நாள் என்பதையும் எழுதுங்கள். ஐரோப்பாவில் 2016 மே 20இல் புதிய விதி வந்தபோது உறுப்பு நாடுகள் அதிகபட்சம் ஓராண்டு அவகாசம் தரலாம் என்றிருந்தது. உங்கள் விதியில் அது மூன்று மாதமாக இருந்தாலும் சரி, ஆறு மாதமாக இருந்தாலும் சரி. பாக்கெட்டில் தயாரிப்பு மாதம் அச்சாகியிருந்தால்தான் கடையில் நிற்கும் ஆய்வாளரால் எது பழையது, எது திருட்டுத்தனம் என்று அங்கேயே சொல்ல முடியும்.